சும்மா இருக்கிறவனுக்கு எதுக்கு சார் காசு?

எங்கள் பேட்டைப் பூங்காவில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு நாடாளுமன்றம் கூடும். இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிமென்ட் பெஞ்ச். உறுப்பினர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் மின்வாரியம், ஒருவர் ஹெட்மாஸ்டர், ஒருவர் ரயில்வே. நான் பார்வையாளர் மாடத்தில் இருப்பவன். வாக்கிங் முடித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவேன்.

போன வாரம் ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு வந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததே, அதில் ஆரம்பித்து அவரவர் சொந்தக்காரப் பையன்கள் வரை வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ”வேலை போனவங்களுக்கு அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் பாதிச் சம்பளமாவது கிடைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இந்த நாட்டுல இருக்கணும்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். அவை கொந்தளித்துவிட்டது.

”சும்மா இருக்கிறவனுக்கு எதுக்கு சார் காசு?” என்றார் வங்கி அதிகாரி. ”கொடுத்துப் பாருங்க, ஒருத்தன் வேலைக்குப் போக மாட்டான். இப்பவே பிளம்பர் கூப்பிட்டா வர மாட்டேங்கறான்.”

”உழைக்கிறவன் கட்டற வரிப்பணம் சார் அது” என்றார் மின்வாரியம்.

”உத்தியோகம் புருஷ லட்சணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றார் ஹெட்மாஸ்டர்.

ரயில்வேக்காரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் வங்கி அதிகாரியிடம் கேட்டேன். ”சார், நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?”

”பதினாறு.”

”மாசம் பொறந்தா பென்ஷன் வருதே, அதனாலதான் நீங்க சோம்பேறி ஆயிட்டீங்களா?”

மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. ”அது நான் உழைச்ச காசு சார்! பிச்சை இல்லே. என் உரிமை!”

நூற்றுக்கு நூறு சரி. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் வந்த தீர்ப்பு அது. பென்ஷன் என்பது முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். நான் அந்தத் தீர்ப்பின் ரசிகன்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அறுபது வயதில் வேலை முடிந்தவனுக்கு உரிமையாக இருப்பது, முப்பத்தைந்து வயதில் வேலை பறிக்கப்பட்டவனுக்கு மட்டும் எப்படி ஓசிச் சோறாக மாறிப்போகிறது? அவன் மட்டும் உழைக்காமலா இருந்தான்?

*

எனக்கும் ஒரு முறை வேலை போயிருக்கிறது. அந்தப் பத்திரிகையின் பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டு, ‘திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்’ என்றார்கள். கணக்கு முடித்துத் தருகிறோம் என்று சொன்னதில் பாதிதான் வந்தது. அதுவும் ஐந்து மாதம் கழித்து.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்துக்குப் போனேன். மின்விசிறி உண்டு, பேப்பர் உண்டு, யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். மூன்றாவது நாள்தான் கவனித்தேன். என்னைப் போலவே இன் பண்ணிய சட்டையோடு, கையில் பையோடு ஏழெட்டுப் பேர் தினமும் வருகிறார்கள். எல்லோரும் முதலில் எடுப்பது வேலைவாய்ப்பு விளம்பரப் பக்கத்தை. மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வந்து, ஆளுக்கொரு நிழல் பார்த்து டிபன் பாக்ஸைத் திறப்போம். இரண்டு மாதத்தில் ஒருவர் பெயர்கூட இன்னொருவருக்குத் தெரியாது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அங்கே மரியாதை.

பணம் இல்லாதது கஷ்டம்தான். அதைச் சமாளித்துவிடலாம் - நண்பனிடம் வாங்கலாம், நகையை வைக்கலாம். ஆனால் ‘தம்பி இப்ப எங்க இருக்கீங்க?’ என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்கிறாரே, அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கல்யாணத்துக்கே போகாமல் இருப்பது இருக்கிறதே, அது வேறு கஷ்டம். கம்பெனி செய்த தப்புக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மாதான் சொன்னாள்: ”எனக்கு முதல் வாரமே தெரியும்டா. நீயா சொல்வேன்னு பார்த்தேன்.”

*

சும்மா இருக்கிறவன் என்கிறோம். அவன் எப்படி ‘சும்மா’ ஆனான் என்று பார்ப்போமா?

இன்றைக்கு யாரையும் வேலையை விட்டு ‘நீக்குவது’ இல்லை. நீக்கினால் சட்டம் இருக்கிறது, நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும், கோர்ட் கேஸ் என்று இழுக்கும். அதனால் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிடுகிறார்கள். ஹெச்.ஆர். ஆசாமிகள் இரண்டு பேர் இருப்பார்கள். மேஜை மேல் ஒரு பேப்பர். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாகத் தருவோம். இல்லையென்றால், வேலை சரியில்லை என்று பதிவு செய்ய வேண்டி வரும். அடுத்த கம்பெனியில் விசாரிப்பார்கள். யோசித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்.’

பத்து நிமிடத்தில் கையெழுத்து விழுந்துவிடும். சட்டப்படி அவன் வேலை பறிபோனவன் அல்ல. ‘சொந்தக் காரணங்களுக்காக’த் தானே வேலையை விட்டவன்! அரசாங்கத்தின் கணக்கில் ஆட்குறைப்பே நடக்கவில்லை.

தொழிற்சாலையில் இதற்கு இன்னும் அழகான பெயர் உண்டு - விருப்ப ஓய்வு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் நேரடியாகவே எட்டாயிரம் பேர் வரை வேலை பார்த்த தொழிற்சாலை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்துவிட்டு நேராக வந்த பெண்களும் பையன்களும். வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்தத் தொழிற்சாலை அம்போவென்று விடப்பட்டது. அந்த வருடமே பெரும்பாலான தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார்கள். நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையும் நின்றது.

இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வு! அதிலும் விருப்ப ஓய்வு! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும்.

அந்தப் பெண் செய்த தப்பு என்ன? சோம்பேறியா? மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி நின்றுகொண்டே போன் அசெம்பிள் செய்தவள். டெல்லிக்கும் பின்லாந்து கம்பெனிக்கும் வரிச் சண்டை, பின்லாந்து கம்பெனிக்கும் அமெரிக்க கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல். நடுவில் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி, இனி இந்தியாவில் கார் தயாரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. மறைமலைநகரில் சுமார் 2,600 பேர். 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த ஊழியர்களாவது போராடிப் பேரம் பேசி ஒரு தொகை வாங்கினார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள்? அவர்களை ஏற்றிக்கொண்டு போன வேன் டிரைவர்? கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர்? அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

*

‘நம்ம தமிழ்நாட்டுலதான் வேலையில்லாதவங்களுக்கு உதவித்தொகை கொடுக்கறாங்களே’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொடுக்கிறார்கள். 2006-ல் தொடங்கிய திட்டம். பிறகு தொகையைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகு எவ்வளவு தெரியுமா? பத்தாவது பாஸ் செய்திருந்தால் மாதம் 300 ரூபாய். பிளஸ் டூவுக்கு 400. பட்டதாரிக்கு 600.

பட்டதாரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 ரூபாய். சென்னையில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் கையிலிருந்து மேலே போட வேண்டும். இந்த 20 ரூபாயை வாங்குவதற்கு என்ன தகுதி வேண்டும்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பசிக்கிறது என்றால், அஞ்சு வருஷம் கழிச்சு வா, டீ வாங்கித் தர்றேன் என்பது மாதிரி. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் ஆறாயிரம். அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போய் எட்டாயிரம் சம்பாதித்தால் பிள்ளைக்கு உதவி கிடையாது. எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்று வருடம்தான். வருடா வருடம் ‘இன்னும் எனக்கு வேலை கிடைக்கவில்லை’ என்று சுய உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்கல்விப் பட்டம் வாங்கியவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2014 ஜூலையில் ‘வேலையில்லா பட்டதாரி’ படம் வந்து ஓடு ஓடென்று ஓடியதே, அதன் கதாநாயகன் சிவில் இன்ஜினீயர். நிஜத்தில் அவன் போய் வரிசையில் நின்றிருந்தால் ‘உனக்குக் கிடையாது தம்பி’ என்று அனுப்பியிருப்பார்கள். படத்தில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாமும் கைதட்டிவிட்டு வந்தோம். நம் சினிமாவில் வேலையில்லாத் திண்டாட்டம் எப்போதுமே ஒருத்தனுக்கு வேலை கிடைத்தவுடன் தீர்ந்துவிடும்.

மத்திய அரசிடமும் திட்டம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் 2005-லேயே ராஜீவ் காந்தி பெயரில் ஒன்று வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ கொஞ்ச காலம் பாதிச் சம்பளம். நல்ல திட்டம்தான். 2018-ல் வாஜ்பாய் பெயரில் இன்னொன்று. வேலை போனால் 90 நாளைக்குக் கால்வாசிச் சம்பளம். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை! அதாவது ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு முறைதான் வேலை போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கொரோனா வந்து 2020-ல் நாடே தெருவுக்கு வந்த பிறகுதான் காலை அரையாக்கினார்கள். அதுவரைக்கும் விண்ணப்பம், வேலையை விட்டு அனுப்பிய அதே முதலாளி வழியாகத்தான் போக வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனிடமே போய் சர்ட்டிஃபிகேட் வாங்கி வா என்கிற நியாயம்.

இதெல்லாம் யாருக்கு? இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு. 2017-ல் அதன் சம்பள உச்சவரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கு மேல் வாங்கும் ஐ.டி. பையன் வெளியே. ஆட்டோ ஓட்டுபவர், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து தருபவர், ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண் - இவர்களில் பெரும்பாலானவர்களை உள்ளே சேர்ப்பதே இல்லை. உள்ளே இருப்பவனும் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் வெளியே. நான் மேலே சொன்ன அந்தப் பத்து நிமிட அறையின் அருமை இப்போது புரிகிறதா?

2019-ல் இன்னொன்றும் நடந்தது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டிவந்த 6.5 சதவிகிதத்தை 4 சதவிகிதமாகக் குறைத்தார்கள். நிதி தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது போல! சேர்ந்த பணத்தை வைத்து வேலை போனவனுக்கு இன்னும் ஆறு மாதம் சோறு போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

சரி, சோம்பேறி விஷயத்துக்கு வருவோம். அதுதானே பெரிய வாதம்?

தீயணைப்பு நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக யாரும் தன் வீட்டுக்குத் தீ வைத்துக்கொள்வதில்லை. பாதிச் சம்பளம் கிடைக்கும் என்பதற்காக முழுச் சம்பளத்தை ஒருவன் விடுவானா? வீட்டுக் கடன் தவணை முழுசாகத்தான் கட்ட வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் பாதி வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஏமாற்றுகிறவன் ஒருவன்கூட இருக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. இருப்பான். ரேஷனில் இருக்கிறான், வங்கிக் கடனில் இருக்கிறான், வருமான வரியில் இருக்கிறான். அதற்காக வங்கியை மூடிவிட்டோமா? கால வரம்பு வையுங்கள், வேலை தேடுவதற்கு ஆதாரம் கேளுங்கள்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கொரோனா காலத்தில் வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு கூடுதல் உதவித்தொகை கொடுத்தது. 2021-ல் சுமார் 25 மாநிலங்கள், ‘இதனால்தான் எவனும் வேலைக்கு வர மாட்டேன் என்கிறான்’ என்று காலக்கெடுவுக்கு முன்பே அதை நிறுத்தின. நிறுத்தியதும் எல்லோரும் வேலைக்கு ஓடினார்களா? ஏதோ கொஞ்சம் பேர் போனார்கள். பெரும்பாலானவர்கள் வேலையும் இல்லாமல் உதவியும் இல்லாமல் செலவைத்தான் குறைத்துக்கொண்டார்கள். அதாவது கடைக்காரருக்கு வியாபாரம் குறைந்தது.

இது ஏதோ கம்யூனிஸ்ட் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 1911-ல் வேலையில்லாக் காலக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 7 ஷில்லிங், வருடத்தில் அதிகபட்சம் 15 வாரம். அதற்கான திட்டத்தை வர்த்தகத் துறையில் இருந்தபோது தயாரித்ததில் முக்கியமானவர் வின்ஸ்டன் சர்ச்சில். அவரைவிடப் பெரிய கம்யூனிஸ்ட் எதிரி யார் இருக்க முடியும்? தர்மசிந்தனையால் மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. வேலை போன தொழிலாளி பட்டினி கிடந்தால் ஊர் தாங்காது என்று தெரிந்துதான் செய்தார்.

நம் அரசியல் சட்டமும் 1950 முதல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. 41-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு வேலைக்கும் கல்விக்கும் வழி செய்ய வேண்டும். வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய காலங்களில் உதவி கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். முதுமைக்கு ஏதோ கொஞ்சம் செய்தோம். நோய்க்கும் ஏதோ செய்தோம். வேலையின்மைக்கு வரும்போது மட்டும் நமக்குச் சோம்பேறி ஞாபகம் வந்துவிடுகிறது.

‘பொருளாதார சக்தி’ எங்கே இருக்கிறது என்கிறீர்களா? 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். இதனால் வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசாங்கமே சொன்னது. அன்றைக்கு எந்தப் பூங்கா பெஞ்சிலும் ‘இப்படிக் கொடுத்தா கம்பெனிக்காரன் சோம்பேறி ஆயிடுவான் சார்’ என்று யாரும் கவலைப்படவில்லை.

எல்லாம் பெயரில்தான் இருக்கிறது. கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கத்தொகை. அரசு ஊழியருக்குக் கொடுத்தால் அகவிலைப்படி. தேர்தலில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்தால் ஓய்வூதியம். (யோசித்துப் பாருங்கள், அது வேலையில்லாக் கால உதவித்தொகை அல்லாமல் வேறென்ன?) வேலை போன தொழிலாளிக்குக் கொடுத்தால் மட்டும் இலவசம்.

வரிப்பணம் என்றாரே மின்வாரியம், அவருக்கும் ஒரு வார்த்தை. வேலை இல்லாதவனும் வரி கட்டுகிறான் சார். சோப்பு வாங்கும்போது கட்டுகிறான். வேலைக்கு விண்ணப்பம் போட செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதிலும் கட்டுகிறான். வேலையில் இருந்த பத்து வருடமும் கட்டியவன்தான்.

*

இதுவரை சொன்னது வேலை இல்லாதவர்களுக்காக. இனிமேல் சொல்வது வேலையில் இருப்பவர்களுக்காக. வேலையில் இருக்கும் நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

உங்கள் மேனேஜர் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. ‘உனக்குப் பிடிக்கலைன்னா போய்க்கிட்டே இரு. வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான்.’ அந்தப் பத்துப் பேரை நினைத்துத்தான் நீங்கள் இரவு பத்து மணி வரை உட்கார்கிறீர்கள். அந்தப் பத்துப் பேரை நினைத்துத்தான் இந்த வருடமும் சம்பள உயர்வு இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டு வருகிறீர்கள்.

அந்தப் பத்துப் பேர் ஏன் பாதிச் சம்பளத்துக்குக்கூட வரத் தயாராக நிற்கிறார்கள்? அடுத்த மாத வாடகைக்கு அவர்களிடம் பணம் இல்லை. ஆறு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் ஏதாவது இருந்தால், அவர்களும் நியாயமான சம்பளம் கேட்பார்கள். அப்போது மேனேஜரின் வசனத்துக்கு வலு இருக்காது. வேலை இல்லாதவனின் பசிதான் வேலையில் இருப்பவனின் முதுகில் விழும் சாட்டை. அவனுக்குச் சோறு போட்டால் உங்களுக்கு அடி குறையும். இது முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை. சாட்டை பத்திரமாக இருக்க வேண்டும் என்று நாமே வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

சாட்டை இப்போது இன்னும் நீளமாகியிருக்கிறது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்யவோ மூடவோ அரசின் அனுமதி வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதை 300 ஆக்கிவிட்டார்கள். ஆட்களைச் சுலபமாக அனுப்ப முடிந்தால்தான் கம்பெனிகள் தைரியமாக ஆள் எடுக்கும் என்பது வாதம். இதற்கு டென்மார்க்கை உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஆளை எடுப்பதும் சுலபம், அனுப்புவதும் சுலபம்.

பாதி டென்மார்க்கைத்தான் காட்டுகிறார்கள். அங்கே காப்பீட்டில் சேர்ந்தவருக்கு வேலை போனால் இரண்டு வருடம் வரை உதவித்தொகை உண்டு. புதுத் தொழிலுக்குப் பயிற்சி உண்டு. இங்கே? ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதி என்று 15 நாள் சம்பளம்! நீக்குவதற்கு டென்மார்க், நிவாரணத்துக்கு உத்திரமேரூர்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

1. வேலை போன எவருக்கும், ஐ.டி.யோ ஜவுளிக்கடையோ, ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளம். அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

2. இது காப்பீடாக இருக்கட்டும். முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் மூவரும் மாதாமாதம் கட்டட்டும். கட்டாத முதலாளிக்குத் தண்டனை இருக்கட்டும்.

3. மிரட்டி வாங்கிய ராஜினாமாவை ராஜினாமாவாகக் கருதக் கூடாது. ஒரே மாதத்தில் ஒரே கம்பெனியில் ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி ‘சொந்தக் காரணம்’ வந்தால் விசாரிக்க வேண்டும்.

4. தமிழக அரசின் 600 ரூபாயை, ஒரு மனிதன் மாதம் நாலு இன்டர்வியூவுக்கு பஸ்ஸில் போய்வந்து, ஒரு வேளையாவது சாப்பிடும் அளவுக்காவது உயர்த்த வேண்டும். ஐந்து வருடக் காத்திருப்பை எடுக்க வேண்டும்.

இதில் எதற்காவது ஒரு கட்சியாவது வாக்குறுதி கொடுக்குமா? கொடுக்காது. நாம் கேட்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் வெட்கப்படாத நாம், வேலை போனது என்று சொல்ல மட்டும் வெட்கப்படுவோம். வெட்கப்படுகிறவன் சங்கம் வைக்க மாட்டான். ஊர்வலம் போக மாட்டான். நூலகத்துக்கு டிபன் பாக்ஸோடு போவான்.

*

அன்றைக்கு நாடாளுமன்றம் அமளியில் கலைந்தது. வங்கி அதிகாரி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். நான் கேட்டைத் தாண்டியபோது பின்னால் வேக வேகமாக ஒருவர் வந்தார். ரயில்வேக்காரர்.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: ”என் பையன் மூணு மாசமா வீட்லதான் இருக்கான் சார். எழுதி வாங்கிட்டாங்க. இவங்ககிட்ட வொர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லி வச்சிருக்கேன். மருமகளோட வீட்டுக்கும் தெரியாது. என் பென்ஷன்லதான் அவன் வீட்டுக் கடன் தவணை போகுது.”

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

”நீங்க எழுதற ஆளு. இதை எழுதினாலும் எழுதுவீங்க. எழுதுங்க. என் அடையாளம் மட்டும் வேண்டாம்” என்றார்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவர் வேலை பார்த்தது ரயில்வேயில் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த பெஞ்சில் அடுத்து யார் ‘சும்மா இருக்கிறவன்’ என்று ஆரம்பித்தாலும், பேசுவதற்கு முன்னால், ஷூ லேஸ் கட்டக் குனிந்திருப்பது யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.